எந்த மூட்டையின் சாம்பல்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த கதை இல்லை. போன செப்டம்பரில் பக்கத்து வீட்டு எர்மெஸ் ஒரு தம்ளர் தண்ணீரைக் கையில் ஏந்திக்கொண்டு என் சமையலறைக்குள் வந்தார். அதை மேசைமேல் வைத்தார். உள்ளே ஆறேழு பெல்லட் கிடந்தன.

"பாரு. மூழ்குதா, மிதக்குதா?"

"மூழ்கித்தான் கெடக்கு."

"கரையுதா?"

"இப்பதானே வெச்சீங்க."

"நல்ல சரக்குன்னா அஞ்சு நிமிஷத்துல தூளாப் பிரியணும். பசை கலந்திருந்தா அப்படியே கெடக்கும். நீதான் எழுதுற ஆளாச்சே, ஒரே எடத்தை உத்துப் பாத்துக்கிட்டு உக்காருறதுதானே உன் வேலை. பாரு."

என் வேலை பாலாடைக்கட்டிச் சாலையில் கட்டிகளைத் துடைத்துத் திருப்பி வைப்பது. எழுதுவது மிச்ச நேரத்தில். பதினெட்டு வருடமாய் இந்த ரிவாலுங்கா மலைக்கிராமத்தில் இருக்கிறேன், எர்மெஸுக்கு நான் இன்னும் 'எழுதுற ஆள்'தான். நாங்கள் இருவரும் ஐந்து நிமிடம் ஒரு தம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு மனிதர் அடுப்பெரிக்கிற சரக்குக்கு இவ்வளவு மெனக்கெடுகிறார் என்றால் அடுப்பு மட்டும் காரணமாக இருக்காது என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. அவர் போனதும் நோட்டை எடுத்தேன்.

(அடிக்குறிப்பு, அடியில் இடம் விட மறந்ததால் இங்கேயே. பெல்லட் என்பது மரத்தூளை இறுக்கி அழுத்தி, பென்சில் பருமனில் நறுக்கிய துண்டு. அடுப்பின் தலையில் ஒரு தொட்டி. அதில் கொட்டினால் அடியில் ஒரு திருகு சுற்றிச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக நெருப்பு எரிகிற கிண்ணத்துக்குள் தள்ளும். முன்னால் கண்ணாடிக் கதவு. கார்னியா மலையில் இதைத் தெரியாதவர் கிடையாது. உங்களுக்காக ஒருமுறை சொன்னேன், இனிச் சொல்ல மாட்டேன்.)

2

முதல் தொடக்கம்: "மலையுச்சியில் பனி தலைகாட்டத் தொடங்கியிருந்த ஓர் அக்டோபர்க் காலையில், தபால்காரன் எர்மெஸ் தன் வண்டியை…"

[வேண்டாம். பனியில் தொடங்கினால் யாரோ சாகப்போகிறார்கள் என்று நீங்கள் காத்திருப்பீர்கள். யாரும் சாகவில்லை.]

இரண்டாம் தொடக்கம்: "நீவெஸ்ஸின் நுரையீரலுக்குள் நூறு நாற்காலிகள் இருந்தன."

[இதை எழுதிவிட்டு இரண்டு நாள் என் முதுகை நானே தட்டிக்கொண்டு திரிந்தேன். பிறகு அந்த அம்மாள் இருமுவதை நேரில் கேட்டேன். அந்த வரியை அடித்துவிட்டேன்.]

ஆகவே நேராகவே. நீவெஸ் எர்மெஸின் மனைவி. இருபத்திரண்டு வருடம் கீழே சமவெளியில் ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் தேய்ப்புப் பிரிவில் இருந்தாள். உப்புத்தாள் பட்டை ஓடிக்கொண்டே இருக்கும், நாற்காலிக்கால்களை அதில் பிடிக்க வேண்டும், தூள் பறக்கும். அந்தத் தூள் போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தது. புகையும் தூசியும் ஆகவே ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எர்மெஸின் வீட்டிலோ நடுக்கூடத்தில் விறகடுப்பு. அதனால் குளிர் வந்தால் அவள் கீழே தங்கை மிலேனா வீட்டுக்குப் போய்விடுவாள், குளிர் போனால் திரும்புவாள். இரண்டு வருடம் அப்படி ஓடியது. இந்த வருடம் கோடையிலும் வரவில்லை.

போதாததற்கு, மிலேனா குடியிருக்கும் கட்டடத்திலேயே மேல்மாடி வீடு காலியாகிறது. நவம்பர் முதல் தேதியிலிருந்து எடுத்துக்கொள்கிறாளா இல்லையா, அக்டோபர் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். எடுத்தால் அது நிரந்தரம். எர்மெஸ் போனில் கெஞ்சினான்.

"ஒரே ஒரு வாரம் வந்து இருந்து பாரு. விறகடுப்பைப் பேத்து எறிஞ்சுட்டேன். பெல்லட் அடுப்பு போட்டாச்சு. கதவு மூடியிருக்கும், புகை வெளிய வராது."

"பெல்லட்டுன்னா என்ன எர்மெஸ்? மரத்தூள். என் ஜென்மப் பகையை மூட்டை மூட்டையா வாங்கி வெச்சிட்டு வா, வான்னு கூப்பிடுற."

"நல்ல பெல்லட்டுல தூசி இருக்காது."

"எது நல்லதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சுக்கிறேன்."

கெடு முடிகிற அந்த வாரம், திங்கள் முதல் ஞாயிறு வரை வருவதாகச் சொன்னாள். அந்தத் 'தெரிஞ்சுக்கிறேன்'தான் இந்தக் கதை.

(கவனித்திருப்பீர்கள், கதை நடக்கும் இடங்களில் அவர்களை அவன், அவள் என்கிறேன். வாசலில் பார்த்தால் 'வாங்க, போங்க'தான். கதைக்குள் மரியாதை வைத்தால் என்னால் அவர்கள் தொண்டை வரை போய்ப் பார்க்க முடிவதில்லை.)

3

துல்லியோவின் கடையில் உரமும் கோழித்தீவனமும் பெல்லட்டும் ஒரே வாசனையில் கலந்து கிடக்கும். எர்மெஸ் தபால்சட்டையோடே போய் நின்றான்.

"ஃபிர் மரமா, பீச் மரமா, எது வேணும்?" என்றான் துல்லியோ.

"எது நல்லது?"

"என்னை ஏன் வம்புல மாட்டுற? ஃபிர்னு சொன்னா பாதி ஊர் என் கடைக்கு வராது, பீச்னு சொன்னா மீதி ஊர் வராது. போன மாசம் இதுக்காகவே ரெண்டு சம்பந்தி பேச்சு வார்த்தை இல்லாமப் போயிட்டாங்க. வெள்ளையா இருக்கிறதை எடுக்கிறியா? பொம்பளைங்க அதைத்தான் கேக்கிறாங்க."

"உன் பொண்டாட்டி எதைக் கேக்கிறா?"

"அவ மின்சார ஹீட்டர் போட்டுக்கிட்டா. வெளிய சொல்லிடாத."

எர்மெஸ் ஐந்து மூட்டை வாங்கினான், ஐந்தும் வேறு வேறு ஆலை. நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள். ஆலைப் பெயர்கள் வாயில் நுழையாததால் மூட்டையின் நிறத்தையே பெயராக வைத்துக்கொண்டான். நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். நடுத்தரச் சூட்டில் ஒரு மூட்டை இரண்டு நாள் எரியும். எரித்துப் பார்ப்பது, பக்கத்தில் உட்கார்வது, மறுநாள் சாம்பலை அள்ளுவது, காலி மூட்டையின் மேலேயே தடித்த பேனாவால் எரிந்த நாள் கணக்கும் தீர்ப்பும் எழுதுவது. எழுதிய மூட்டைகளைக் கீழே பழைய மாட்டுக்கொட்டிலில் கொடி கட்டித் துணிக்கவ்வி போட்டுத் தொங்கவிட்டான்.

அவன் தீர்ப்புகளை நான் படித்திருக்கிறேன். தபால்காரன் எழுத்து, கச்சிதம்.

நீலம்: 'சாம்பல் மூன்று கரண்டி. கண்ணாடி மங்கல்.'

வெள்ளை: 'சுமார். கண்ணாடியில் புகை. வாசனை பரவாயில்லை.'

சிவப்பு: 'சாம்பல் ஒரு கரண்டி. கண்ணாடி பளிச். பக்கத்தில் இரண்டு மணிநேரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன், வாயைத் திறந்து மூச்சு விட்டேன். தொண்டையில் ஒன்றுமே இல்லை.'

பச்சை: 'கண்ணாடி கறுப்பு. கிண்ணத்தில் கட்டி கட்டியாகக் கருகல். தொண்டை அரித்தது. கூடவே கூடாது.'

மஞ்சள்: 'சுமாருக்குக் கொஞ்சம் மேல்.'

சந்தேகமே இல்லை. சிவப்பு. மறுநாளே எழுபது மூட்டை சொல்லிவிட்டான். லாரி வந்து இறக்கிவிட்டுப் போனது. இறக்கினால் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

4

இந்த இடத்தில் ஒரு வாரம் எழுதாமல் கிடந்தேன். எனக்கு எர்மெஸ்மேல் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு நல்ல புருஷனைப் பார்த்தால் நானே நம்ப மாட்டேன், நீங்கள் எப்படி நம்புவீர்கள்? அவனுக்கு ஒரு குறை வைப்போம் என்று 'அவன் கொஞ்சம் கருமி' என்று எழுதிப் பார்த்தேன்.

[கருமி இல்லை. வேறு ஏதாவது.]

பிறகு வேலியோரம் நின்று அவரையே கேட்டுவிட்டேன்.

"நீங்க கீழ போயிருந்தா என்ன? அங்கயும் தபால் இருக்கு. அங்கயும் வீடுவீடாக் கடிதம் போடலாம்."

அவர் வேலிக்கம்பியில் ஒட்டியிருந்த பாசியைச் சுரண்டினார்.

"அவளும் மூணு வருஷம் முன்னாடி இதையேதான் கேட்டா."

"என்ன சொன்னீங்க?"

"அங்க எனக்கு மூச்சு முட்டும்னு சொல்லிட்டேன்."

"யார்கிட்ட?"

"அவகிட்டத்தான்."

நகத்தில் ஏறிய பாசியைச் சட்டையில் துடைத்தார்.

"வாயை விட்டு வெளிய வந்தப்புறம்தான் என் காதுல விழுந்துச்சு," என்றார். "ஒரு மாசம் அவ பேசல. அப்புறம் பேசினா, ஆனா அதைப் பத்தி மட்டும் பேசல. இதை எழுதிடாத."

எழுதிவிட்டேன். எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது இல்லாமல் அந்த இரண்டு மணிநேரம் வாயைத் திறந்து மூச்சு விட்டது வெறும் கோமாளித்தனமாகிவிடும். அந்த வாக்கியத்தை அவரால் திரும்ப எடுக்க முடியவில்லை. அதனால்தான் மூட்டை மூட்டையாக எரித்தார்.

5

திங்கட்கிழமை நீவெஸ் பேருந்திலிருந்து இறங்கினாள். எர்மெஸ் வீட்டைத் துடைத்த துடைப்பில் தரை வழுக்கியது. ஃப்ரிகோ அடை செய்திருந்தான், உருளைக்கிழங்கு அடியில் பிடித்துவிட்டது, பாலாடைக்கட்டி மேலே உருகவில்லை. அவள் சாப்பிட்டாள். அடுப்பின் முன்னால் போய் நின்றாள். தூரத்தில்தான்.

"சூடு நல்லாருக்கு," என்றாள்.

அவன் அன்று முழுக்க அந்த ஒரு சொல்லில்தான் நடமாடினான்.

செவ்வாய் மாலை கண்ணாடி ஓரங்களில் மங்கியது. அவள் பார்ப்பதற்குள் துடைத்துவிட்டான். புதன் காலை கிண்ணத்தில் கரி கட்டியாக உட்கார்ந்திருந்தது. அவள் பார்ப்பதற்குள் அதையும் சுரண்டினான். மதியம் தொட்டியில் கொட்டும்போது மூட்டையின் அடித்தூள் மேலே கிளம்பியது. நீவெஸ் இருமத் தொடங்கினாள். பெரிய இருமல் இல்லை, சின்னதுதான். சின்னது நிற்கவில்லை என்பதுதான் கஷ்டம். எழுந்து போய் மாடிப்படியில், ஜன்னலைத் திறந்து வைத்து, கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவன் பின்னாலேயே போனான். கதவருகில் நின்று கேட்டான்:

"தண்ணி கொண்டாரவா?"

"இரு. பேச வெக்காத."

"இதே சிவப்புதான் நீவெஸ். நானே பக்கத்துல உக்காந்து பாத்தேன். ஒண்ணுமே ஆகல."

"உனக்கு ஆகாது எர்மெஸ்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீ மனசு விட்டுராத. நீ செஞ்சது எனக்குத் தெரியுது. ஆனா மூச்சு, அது வேற."

அவள் கோபப்பட்டிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அன்புடன் சொன்னாள். அதனாலேயே முடிந்துவிட்டது என்று நினைத்தான்.

[இங்கே நான் அவனை அழ வைத்திருந்தேன். அவர் படித்துவிட்டு, "நான் அழல, சாம்பல் அள்ளினேன்" என்றார். சாம்பல் அள்ளினான்.]

6

வியாழக்கிழமை காலை நடந்தது. நான் அங்கே இல்லை. இருவரும் தனித்தனியாகச் சொன்னார்கள். ஒத்துப்போகாத இடங்களில் நீவெஸ் சொன்னதை எடுத்துக்கொண்டேன், அவர் தன்னைப் பற்றி எதையும் அலங்கரிப்பதில்லை.

தூசி ஒத்துக்கொள்ளாத அவள் கொட்டிலுக்குள் போனதே தன் பழைய பெட்டியை எடுக்கத்தான். வாயைத் துணியால் மூடிக்கொண்டு போனாள். கொடியில் ஐந்து மூட்டை தொங்குவதைப் பார்த்தாள். நின்று ஒவ்வொன்றாகப் படித்தாள். 'வாயைத் திறந்து மூச்சு விட்டேன்' என்ற இடத்துக்கு வந்ததும் சிரிப்பு வந்தது, சிரிப்பில் இருமல் வந்தது, வெளியே வந்து கல்மேல் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து மறுபடி உள்ளே போய் இரண்டாம் தடவை படித்தாள். தேய்ப்புப் பிரிவில் பழுதான நாற்காலி வந்தால், எந்தக் கையில் பழுதானது என்று பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிப்பது அவள் வேலையாக இருந்தது.

"எர்மெஸ், இங்க வா."

வந்தான்.

"நீலம் தீந்து வெள்ளை போட்டியே, தொட்டி காலியாகி நிக்கிற வரைக்கும் விட்டியா?"

"காலியாக விடுறதா? அது எப்படி?"

"ஏன் முடியாது?"

"காலியானா அடுப்பு கீச்சுனு கத்தும். தெருவுக்கே கேக்கும்."

இதை நான் விளக்கத்தான் வேண்டும். ரிவாலுங்காவில் நெருப்பை அணையவிட்ட வீடு என்பது ஒரு வசவு. விறகு எரித்த காலத்தில் ஒட்டிக்கொண்டது. அடுப்பு மாறிவிட்டது, வெட்கம் மாறவில்லை. தொட்டி பாதி இறங்கினாலே மேலே கொட்டிவிடுவார்கள். என் வீட்டிலும் அப்படித்தான்.

"அப்ப வெள்ளையைக் கொட்டினப்ப அடியில என்ன இருந்துச்சு?"

"நீலம்."

"திருகு மேலேர்ந்து இழுக்குமா, அடியிலேர்ந்து இழுக்குமா?"

அவன் விரலால் காற்றில் ஒரு திருகு போட்டுப் பார்த்தான்.

"வெள்ளைன்னு நெனச்சு நீலத்துக்கு மார்க் போட்டிருக்க," என்றாள். "சிவப்புன்னு நெனச்சு வெள்ளைக்கு. பச்சைன்னு நெனச்சு நீ திட்டினியே, அது சிவப்பு. கூடவே கூடாதுன்னு நீயே எழுதிவெச்சு, அதுலயே எழுபது மூட்டை வாங்கி அடுக்கியிருக்க."

எர்மெஸ் கொடியில் தொங்கிய மூட்டைகளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தான். உதைத்தால் தேவலை என்று தன் காலையும் பார்த்துக்கொண்டான். பிறகு அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"அப்படின்னா வெள்ளைதான் நல்லது. பளிச்னு எழுதினது வெள்ளை. முடிஞ்சுது. இப்பவே போய் வெள்ளை வாங்கிட்டு வரேன்."

"எப்படித் தெரியும்?"

"நீதானே சொன்ன, ஒண்ணு தள்ளி…"

"கலந்துதானே எரிஞ்சிருக்கு. பாதி அது, பாதி இது. அதை நம்பி நான் மூச்சு விட முடியாது." துணியை வாயிலிருந்து இறக்கினாள். "தொட்டியைச் சுத்தமா உறிஞ்சி எடு. சிவப்பை விட்டுடு, அதுக்கு என் தொண்டையே தீர்ப்பு சொல்லியாச்சு. மத்த நாலும் துல்லியோகிட்ட புதுசா ஒண்ணொண்ணு வாங்கிட்டு வா. வெளிய வெச்சுச் சல்லடையில சலிச்சு, அப்புறம் தொட்டியில கொட்டு. ஒவ்வொண்ணும் முழுசா எரிஞ்சு தீரட்டும், கத்தட்டும், அப்புறம் அடுத்தது. பக்கத்துல நான் உக்காந்துக்கிறேன். எழுதுறது நான்."

"கத்துனா தெருவுல…"

"தெருவு என் மூச்சை விடுதா?"

"சரி. அந்த எழுபது மூட்டை?"

"பாலாடைக்கட்டிச் சாலையில பெரிய கொதிகலன் இருக்குல்ல, அது எதையும் தின்னும். பக்கத்து வீட்டுல சொல்லு, சும்மா நோட்டுல கிறுக்கிக்கிட்டுதானே இருக்கு."

எரித்தது போக மிச்சம் அத்தனை மூட்டையும் என் முதுகில்தான் போயின. ஒரு மூட்டை பதினைந்து கிலோ. இந்தக் கதையில் உடலுழைப்பு என்று ஏதாவது இருந்தால் அது என்னுடையது.

7

முடிவுகள்.

முடிவு ஒன்று. ஞாயிறு மாலை நாலு பத்துப் பேருந்து. நீவெஸ் ஏறுகிறாள். எர்மெஸ் பெட்டியை மேலே தூக்கிக் கொடுக்கிறான். "கண்ணாடியைத் துடைச்சு வெச்சிருக்கேன்," என்கிறான். அவள், "எனக்குத் தெரியும்," என்கிறாள்.

முடிவு இரண்டு. ஞாயிறு காலை மிலேனாவுக்குப் போன் செய்கிறாள். "மேல்வீட்டை வேற யாருக்காவது குடுத்துடு. இங்க எனக்கு வேலை கெடக்கு."

இரண்டையும் எர்மெஸுக்குப் படித்துக் காட்டினேன். முதலாவதைக் கேட்டு, "பேருந்து நாலு பத்துக்கு வராது, நாலு இருபதுக்குத்தான் வரும்," என்றார். இரண்டாவதைக் கேட்டு, "அவ போன்ல இவ்வளவு சுருக்கமாப் பேசமாட்டா," என்றார். முகத்தை வைத்து எதையும் பிடிக்க முடியவில்லை. சீட்டாட்டத்தில் ஊரையே ஏமாற்றுகிற முகம் அது.

நீவெஸ்ஸிடமும் காட்டினேன். எங்கே, எப்போது காட்டினேன் என்பதைச் சொன்னால் குட்டு உடைந்துவிடும். படித்துவிட்டு இரண்டு தாளையும் என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"நீயும் அந்த மனுஷன் மாதிரிதான். ஒண்ணு எரிஞ்சு முடியறதுக்குள்ள அடுத்ததைக் கொட்டுற."

உண்மைதான். ஞாயிற்றுக்கிழமையில் முடிவைத் தேடிக்கொண்டிருந்த நான், வியாழக்கிழமையில் ஒன்றை எழுதாமலே தாண்டி வந்துவிட்டேன். எர்மெஸ் போகிறபோக்கில் சொன்னது. அப்போது அதை நான் குறித்துக்கூட வைக்கவில்லை.

8

வியாழன் மதியம் எர்மெஸ் தபால் வண்டியில் துல்லியோ கடைக்குப் போனான். நீலம், வெள்ளை, பச்சை, மஞ்சள், நாலும் வாங்கினான். துல்லியோ என்ன விசேஷம் என்று கேட்டான், எர்மெஸ் மூட்டைகளை வண்டியில் ஏற்றினான். அவமானம் இன்னும் காதில் சூடாக இருந்தது. எழுபது மூட்டை முட்டாள்தனம், திருகு அடியிலிருந்து இழுக்கும் என்று தெரியாத முட்டாள்தனம், அதைக் கண்டுபிடிக்க இருமலோடு ஒருத்தி கொட்டிலுக்குள் போக வேண்டியிருந்த முட்டாள்தனம். இதையெல்லாம் வரிசையாகத் தன்னிடமே சொல்லிக்கொண்டு மலைப்பாதையில் ஏறினான்.

மரம் அறுக்கும் ஆலையைத் தாண்டிய வளைவில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினான். இன்னும் பதினொரு வீட்டுக்குத் தபால் பாக்கி இருந்தது. பின்னாலிருந்து வந்த டிராக்டர்க்காரர் ஹாரன் அடித்து, கையை ஆட்டி, கடந்து போனார். எர்மெஸ் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்தான்.

நாலு மூட்டை. ஒரு மூட்டை முழுசாக எரிந்து தீர இரண்டு நாள். இது அவளுக்கும் தெரியும், ஒவ்வொரு மூட்டையிலும் அவனே எழுதி வைத்திருந்தான். வெள்ளையை வாங்கி முடித்துவிடலாம் என்று அவன் சொன்னபோது வேண்டாம் என்றவள் அவள்தான். இன்று வியாழன். நீலத்துக்கு வியாழன், வெள்ளி. வெள்ளைக்குச் சனி, ஞாயிறு. பச்சையும் மஞ்சளும் இன்னும் பாக்கி.

விரல் விட்டு எண்ணினான். ஞாயிற்றுக்கிழமை தாண்டியும் நாலு விரல் மிச்சம் இருந்தது.

தப்பாக எண்ணிவிட்டோமோ என்று முதலிலிருந்து மறுபடி எண்ணினான். தப்பாக எண்ணுவதில் அவனுக்கு ஒரு கியாதி இருக்கிறது. மறுபடியும் நாலு.

வண்டியை அதே இடத்தில் விடுகிறேன். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை உங்களுடையது. பக்கத்து வீட்டில் இருப்பவனுக்கு அப்புறம் என்ன ஆனது என்று தெரியாமல் இருக்குமா, தெரியும். சொல்ல மாட்டேன். அந்த நாலு விரலையும் அவன் மடக்காமல் வைத்திருக்கிறான்.